செவிலியரும் கையேடும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களில், ஏறக்குறைய 5,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் துணை சுகாதார நிலையங்கள் அமைந்திருக்கின்றன. விராலிமலைப் பக்கத்துப் புன்செய் நிலங்களிலும், ஆவுடையார்கோயில் வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளிலும், கோட்டைப்பட்டினத்துக் கடலோரத்திலும் வாழும் மக்கள் இவற்றை நாடியே வருகிறார்கள். நிலையத்துக்குப் பொறுப்பானவர் கிராம சுகாதார செவிலியர். மக்கள் அவரை நர்ஸம்மா என்றழைக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும், குழந்தைகளை நிறுக்கும் தராசும், தடித்த பதிவேடுகளும் அவருடைய அன்றாடக் கருவிகள். இவையன்றி, பயிற்சியின்போது அவருக்குப் பழக்கப்படுத்தப்படும் வேறு சில பொருள்களும் உண்டு. படங்கள் நிறைந்த புரட்டு அட்டைத் தொகுதி ஒன்று. நடுவில் பொருத்திச் சுழலும்படி அமைத்த அட்டைச் சக்கரம் ஒன்று. வினாக்கள் அச்சிட்ட தாள் ஒன்று. அரசு வெளியிட்ட கையேடு ஒன்று. எப்போது பிள்ளை பெறுவது, எத்தனை பெறுவது, போதும் என்று எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிக்க விரும்பும் தம்பதிகளுக்கு ஆலோசனை கூறும்போது அவர் கையாளும் துணைகள் இவை. இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இது பெரியவர்களுக்குரிய செய்தி, நமக்கெதற்கு என்று மாணவர்களாகிய நீங்கள் எண்ணலாம். உங்களுள் சிலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் அந்த மேசையின் ஒரு புறத்தில் அமரப் போகிறீர்கள். மற்றவர்கள் என்றேனும் ஒருநாள் அதன் மறுபுறத்தில் அமர்வீர்கள். இரு புறத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் நாள் குறித்துக் கொடுக்கும் சோதிடரை நம் ஊரார் நம்புவதில்லை. ஆனால் நூலைப் புரட்டிப் பார்த்து மருந்து கூறும் செவிலியரைக் கண்டால், "இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே" என்கிறார்கள். நினைவிலிருந்து சொல்வதே புலமை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கருத்தடை ஆலோசனையில் இந்த எண்ணம் விளைத்த கேடு சிறிதன்று. அதனை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும.

குடும்பத் திட்டத்தை அரசின் கொள்கையாக ஏற்று 1952ஆம் ஆண்டில் இயக்கம் தொடங்கிய நாடு இந்தியா. உலகில் இதில் முதல்வராக நின்றவர்கள் நாமே. அதற்கும் முன்பே தமிழ்நாட்டில் இப்பேச்சு எழுந்துவிட்டது. நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் பிறர் கருத்தடையை வற்புறுத்திய 1930ஆம் ஆண்டளவில், பெண்கள் விடுதலை அடைய வேண்டும் என்பதற்காகவே தாம் அதனை ஆதரிப்பதாகப் பெரியார் ஈ. வெ. ரா. எழுதினார். பெண்ணுக்காகவா, நாட்டின் கணக்குக்காகவா என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் நேர்ந்த பல தவறுகளுக்கு இவ்வேறுபாட்டை மறந்ததே காரணமாயிற்று.

1965ஆம் ஆண்டில் 'லூப்' என்னும் சிறு வளையச் சாதனம் நாடெங்கும் பரப்பப்பட்டது. கருப்பையில் வைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. சாதனத்தில் பெருங்குறை ஒன்றுமில்லை. ஆயினும் வைத்த சில நாள்களில் உதிரப்போக்கு மிகலாம், வலி இருக்கலாம் என்பதைப் பெண்களிடம் முன்கூட்டி எடுத்துச் சொல்லப் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. உதிரம் மிகுதியாகப் போகக் கண்ட பெண்கள் அஞ்சினார்கள். வதந்திகள் ஊர் ஊராகப் பரவின. சில ஆண்டுகளுக்குள் லூப் வைத்துக்கொள்வோர் தொகை சரிந்துவிட்டது. இன்று வைக்கப்படுவது செம்புக் கம்பி சுற்றிய காப்பர்-டி, லூப் மறைந்துவிட்டது. ஆயினும் பழைய பெயரும் பழைய அச்சமும் நம் ஊர்ப் பாட்டிமார் நாவில் இன்னும் இருக்கின்றன. ஐந்து நிமிட விளக்கம் இல்லாமற்போனதற்கு ஒரு தலைமுறை கடந்தும் விலை கொடுக்கிறோம்.

அடுத்து வந்தது நெருக்கடி நிலைக் காலம். 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. இத்தனை பேர் என்று இலக்கு வகுத்து அலுவலர்களை நெருக்கியதால், வட இந்தியாவின் பல இடங்களில் விருப்பமில்லாதவர்களும் வற்புறுத்தி அழைத்துச் செல்லப்பட்டார்கள். மக்களின் சினம் 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் வெளிப்பட்டது. துறையின் பெயரே 'குடும்ப நலம்' என்று மாற்றப்பட்டது. ஆண்கள் அறுவைக்கு வருவது நின்றுபோக, அந்தச் சுமை முழுவதும் பெண்கள்மேல் விழுந்தது. அக்காலத்துச் சென்னை மாநிலம் 1950களிலும் 1960களிலும் ஆண்களுக்கான எளிய அறுவையில் நாட்டுக்கே முன்னோடியாக விளங்கியது என்பதை இன்று சொன்னால் நம்புவோர் குறைவு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களோ ஆயிரத்தில் ஓரிருவர் கூடத் தேறமாட்டார்கள். நம் பேச்சுவழக்கிலும் இது ஏறிவிட்டது. "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?" என்று ஓர் அத்தை கேட்டால், அவர் கேட்பது பெண்ணின் அறுவையை மட்டுமே. மாத்திரை, ஊசி, ஆணுறை, காப்பர்-டி ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் ஒன்று, ஓர் அறுவையின் பெயராகச் சுருங்கிவிட்டது.

1996ஆம் ஆண்டில் மைய அரசு முறைவாரியான இலக்குகளைக் கைவிட்டது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், எந்த உடல்நிலையில் எந்தக் கருத்தடை முறை தகும் என்பதை வரையறுக்கும் நூலின் முதற் பதிப்பை வெளியிட்டது. நான் முதலிற் குறிப்பிட்ட அட்டைச் சக்கரம் இந்நூலிலிருந்து பிறந்தது. இந்தியாவுக்கென 2015இல் நமது நலவாழ்வு அமைச்சகம் அதனைத் தனியே வகுத்து வெளியிட்டது.

சக்கரம் செயற்படும் விதம் எளிது. தாய்ப்பால் கொடுத்தல், உயர் இரத்த அழுத்தம், இரத்தசோகை, நீரிழிவு, கடும் ஒற்றைத் தலைவலி போன்ற நிலைகள் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். சுழற்றினால் ஒவ்வொரு முறைக்கும் நேராக 1 முதல் 4 வரை ஓர் எண் தெரியும். 1 என்றால் தடையேதுமில்லை. 2 என்றால் தீமையினும் நன்மை மிகுதி. 3 என்றால் நன்மையினும் தீமை மிகுதி. 4 என்றால் அறவே கூடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள நுட்பத்தை மருத்துவமனையில் உள்ள மருத்துவர் எடைபோட்டுப் பார்க்கலாம். பரிசோதனை வசதிகள் குறைந்த சிற்றூர் நிலையத்திலோ 1, 2 என்றால் 'கொடுக்கலாம்'. 3, 4 என்றால் 'கொடுக்க வேண்டாம்' என்று நான்கையும் இரண்டாகச் சுருக்கிக்கொள்ள நூலே இடம் தருகிறது. எத்தகைய இடத்தில், எத்தகையவர் கையில் இந்நூல் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து எழுதியவர்களின் அறிவை நான் மெச்சுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். அன்னவாசலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் நான்கு மாதக் கைக்குழந்தையுடன் ஒரு தாய் வருவதாக வைத்துக்கொள்வோம். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறாள். மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. "அடுத்த பிள்ளை மூன்று வருஷம் கழித்துப் போதும் நர்ஸம்மா, மாத்திரை கொடுங்கள்" என்கிறாள். செவிலியரிடம் 'மாலா-என்' என்னும் அன்றாட மாத்திரை இருக்கிறது. அதில் இரு வகை இயக்குநீர்கள் சேர்ந்திருக்கின்றன. சக்கரத்தைச் சுழற்றினால், பாலூட்டும் தாய்க்குப் பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகும்வரை இவ்வகை மாத்திரைக்கு எண் 3. ஆறு வாரத்துக்குள் என்றால் 4. ஆகவே அதனைக் கொடுக்கலாகாது. ஆனால் கதை இத்துடன் முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி இருக்கிறது. இலக்னோவிலுள்ள நம் நாட்டு மருந்தாராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, இயக்குநீர் அல்லாத மருந்தைக் கொண்ட 'சாயா' மாத்திரை இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறையும், அதன்பின் வாரத்துக்கு ஒருமுறையும் அதனை உண்ண வேண்டும். காப்பர்-டி இருக்கிறது. ஆணுறை இருக்கிறது. இவை யாவும் அத்தாய்க்குத் தகும். மேலும், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, தாய்ப்பால் மட்டுமே உணவு, மாதவிடாய் வரவில்லை என்ற மூன்றும் பொருந்தியிருக்கும்வரை, பாலூட்டுதலே சிறந்ததொரு தடையாக நிற்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் அக்காப்பு நீங்கிவிடும். 'கூடாது' என்று ஒரு மாத்திரையை விலக்கிய கையேடே, இத்தனை கதவுகளையும் திறந்து வைக்கிறது.

அத்தாய்க்கு இரத்தசோகை இருந்தால்? நம் மாநிலத்துப் பெண்களுள் பாதிப்பேருக்கு அது உண்டு. அப்போதும் காப்பர்-டி 2 என்ற எண்ணிலேயே நிற்கிறது, கொடுக்கலாம். ஆனால் உதிரப்போக்கு முன்னிலும் மிகக்கூடும் என்பதைச் சொல்லியாக வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையும் தரவேண்டும். 1965இல் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இனி வினாத்தாளைப் பார்ப்போம். என் எண்ணத்தில் எல்லாத் துணைகளிலும் சிறந்தது இந்த ஒற்றைத் தாளே. ஒரு பெண் கருவுற்றிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே மாத்திரையோ ஊசியோ தொடங்க வேண்டும். இதற்காகப் பல நாடுகளில் செவிலியர்கள் கையாண்ட வழி, "மாதவிடாய் வந்த பிறகு வா" என்று திருப்பி அனுப்புவதுதான். ஐந்து கல் நடந்தோ, கூலியை விட்டோ வந்த பெண் வெறுங்கையுடன் வீடு திரும்புவாள். மறுமுறை அவள் வரும்போது கருவுற்றிருப்பதும் உண்டு. இந்தத் தீங்கைப் போக்க ஆறு வினாக்கள் வகுக்கப்பட்டன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு முழுமையாகப் பாலூட்டுகிறாயா, மாதவிடாய் வராமல் இருக்கிறதா? கடந்த மாதவிடாய்க்குப்பின் கணவனுடன் சேராமல் இருந்தாயா? பிள்ளை பெற்று நான்கு வாரத்துக்குள் இருக்கிறாயா? மாதவிடாய் தொடங்கி ஏழு நாளுக்குள் இருக்கிறாயா? ஏழு நாளுக்குள் கருச்சிதைவு நேர்ந்ததா? நம்பத்தக்க கருத்தடை முறை ஒன்றைத் தவறாமல் கையாண்டு வருகிறாயா? ஆறில் ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்து, கருவின் அறிகுறியும் இல்லையென்றால், அன்றைக்கே தொடங்கிவிடலாம். ஆறுக்கும் 'இல்லை' என்றால் சிறுநீர்ச் சோதனை செய்யலாம், அல்லது ஆணுறை கொடுத்து மாதவிடாய்வரை காத்திருக்கச் சொல்லலாம்.

இத்தனை எளிய வினாக்களை நம்பலாமா என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் நிலையங்களில் இதனைச் சோதித்து, அதன் முடிவை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 'கருவில்லை' என்று வினாத்தாள் கூறிய பெண்களுள் 100க்கு 99 பேருக்கு மேல் உண்மையாகவே கருவில்லாதவர்களாக இருந்தார்கள். கருவியும் இல்லை, மருந்தும் இல்லை. ஆறு கேள்விகளும் அவற்றைக் கேட்கும் பொறுமையும் மட்டுமே.

இவற்றைக் கேட்கும் இடமும் முறையும் தனியொரு கலை. நம் ஊர்களில் மருமகளுடன் மாமியாரும் வருவது வழக்கம். "புருஷனோடு சேர்ந்தாயா?" என்ற வினாவை மாமியார் முன்னிலையில் கேட்டால் உண்மை விடை வருமா? ஆகவே, "ஆத்தா, நீங்கள் பேரனை எடை போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று முதியவளைப் பக்குவமாக அப்பால் அனுப்பிவிட்டுக் கேட்பார் நல்ல செவிலியர். இது எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. 'தனிமையில் கேட்க வேண்டும்' என்ற விதி மட்டும் அச்சாகியிருக்கிறது. விதிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வழியைச் செவிலியரே கண்டுபிடிக்க வேண்டும்.

புரட்டு அட்டைத் தொகுதிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட தொகுதி இவ்வகைக்கு நல்ல முன்மாதிரி. மேசைமேல் கூடாரம்போல் நிற்கும் அதன் ஒரு பக்கம், வந்திருக்கும் பெண்ணை நோக்கியிருக்கும். அதில் படமும் பெரிய எழுத்தில் சில சொற்களும் உண்டு. மறுபக்கம் செவிலியரை நோக்கியிருக்கும். அதில் அவர் சொல்ல வேண்டியவையும் கேட்க வேண்டியவையும் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் மருத்துவரை நோக்கியே திரும்பியிருப்பவை. நோயாளி அவற்றின் முதுகை மட்டுமே காண்பார். இத்தொகுதியோ இருவரையும் ஒருங்கே பார்க்கிறது. தாம் விரும்பிய முறையை மட்டும் சொல்லிவிட்டுப் பிறவற்றை மறைக்கச் செவிலியர் எண்ணினாலும், எல்லா முறைகளின் படங்களும் அப்பெண்ணின் கண்ணெதிரே இருக்கின்றன. "அது என்னம்மா, ஊசி மாதிரி இருக்கிறதே?" என்று அவளே கேட்டுவிடுவாள்.

முறைகளின் ஆற்றலை விளக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. விழுக்காட்டுக் கணக்கு ஊராருக்குப் புரிவதில்லை. படித்த நமக்கும் அது பல வேளைகளில் புரிவதில்லை. ஆகவே, "100 பெண்கள் ஓராண்டு இதைக் கையாண்டால் எத்தனை பேர் கருத்தரிப்பார்கள்?" என்று தலைகளை எண்ணிச் சொல்கிறார்கள். அன்றாட மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் உண்டால் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது. ஆனால் மனிதர் மறப்பவர். நடைமுறையில் ஏறக்குறைய 7 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் 13 பேர். மறதிக்கு இடமில்லாத காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. பெண்ணின் அறுவையிலும் ஒருவருக்கும் குறைவே என்றாலும், அறவே இல்லை என்பதன்று. ஆணின் அறுவை இவையெல்லாவற்றினும் உறுதியானது. செய்த பின் மூன்று மாதம் வேறு காப்பு வேண்டும் என்பது ஒன்றே நினைவில் வைக்க வேண்டியது. ஆணின் அறுவை எளிது, காயம் சிறிது, பயன் மிகுதி. இருந்தும் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது பெண்கள் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்வார்கள் என்பதை அறிந்தவர் அறிவர். அப்பக்கத்தைப் பார்க்க வேண்டியவர் அங்கே வருவதே இல்லை.

அவர் வராததற்கு நம் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அறந்தாங்கி, மணமேல்குடிப் பகுதிகளிலிருந்து ஆடவர் பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புக்குச் சென்றிருக்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்வது? நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டுமா? எப்போது தொடங்குவது? உலகத்துக்கென எழுதிய நூலில் இந்த வினா இந்த உருவில் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் தொடங்கி எத்தனை நாளில் பயன் தரும், நிறுத்தினால் கருத்தரிக்க எத்தனை மாதம் ஆகும் என்பவை அதில் உண்டு. ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். அடுத்த விடுப்பில் பிள்ளை வேண்டும் என்று எண்ணும் பெண்ணுக்கு இது இன்றியமையாத செய்தி. நூலின் செய்தியையும் விமானச்சீட்டின் தேதியையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடுவது செவிலியரின் வேலை. அப்போதுதான் ஆலோசனை ஆலோசனையாகிறது.

அறுவை என்று முடிவானால், ஒப்புதல் படிவம் என்னும் மற்றொரு தாள் வருகிறது. அரசின் விதிப்படி, அறுவை செய்துகொள்பவர் 22 வயதுக்கு மேலும் 49க்குள்ளும் இருக்க வேண்டும். ஓராண்டு நிறைந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். கணவனின் கையொப்பம் தேவையில்லை; அவளுடைய ஒப்புதலே போதும். இதனை அறியாத பெண்கள் இன்றும் பலர். படிவத்திலுள்ளவை அவள் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவளாயின் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். 2014 நவம்பரில் சத்தீசுகட்டில், பிலாசுப்பூர் மாவட்டத்து அறுவை முகாமுக்குச் சென்ற பெண்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், 2016 செப்டம்பரில் தேவிகா பிசுவாசு தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த வேண்டும். விளைவுகளை உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும். விளக்கிய பின் அவள் எண்ணிப் பார்க்க நேரம் தரவேண்டும் என்று ஆணையிட்டது. எண்ணிப் பார்க்கும் நேரம் என்பது சட்டத்தின் ஆணையில் இடம்பெற்றதை நான் சிறப்பாகக் கருதுகிறேன்.

அந்தப் படிவத்தின் அடியில் கையொப்பத்துக்கென ஒரு கோடும், பெருவிரல் ரேகைக்கென ஓர் இடமும் உண்டு. 1991–92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயற்கூலிப் பெண்களும் மாலையில் கூடி எழுதப் படிக்கக் கற்றார்கள். அதனோடு ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். அவ்வியக்கம் குடும்பநலத்துக்காக எழுந்ததன்று. எனினும், தன் உடலைப் பற்றிய ஒரு தாளைத் தானே படித்துப் பார்த்து, "இந்த வரிக்கு என்னம்மா பொருள்?" என்று விரல் வைத்துக் கேட்கும் பெண்ணுக்கும், விரலை மையில் தோய்த்துத் தரும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை, மேசைக்கு அப்பாலிருக்கும் செவிலியரே நன்குணர்வார். கேட்பவளிடம் விளக்காமல் தப்ப இயலாது.

ஆலோசனையின் படிகளை ஆறாகப் பிரித்துச் செவிலியருக்குக் கற்பிக்கிறார்கள்: வரவேற்றல், கேட்டறிதல், எடுத்துரைத்தல், தேர்ந்துகொள்ள உதவுதல், கையாளும் விதத்தை விளக்குதல், மீண்டும் வரச் செய்தல். முதல் ஐந்துக்கும் அட்டையும் சக்கரமும் துணை நிற்கும். ஆறாவதற்குப் பதிவேடு ஒன்றே துணை. இந்தப் பெண்ணுக்கு இந்தத் தேதியில் ஊசி போட்டது. மூன்று மாதம் கழித்து இந்தத் தேதியில் அடுத்தது. உதிரப்போக்கு ஒழுங்கற்றிருந்தால் அஞ்சாமல் வந்து சொல்லும்படி கூறியாயிற்று. முறை பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லியாயிற்று. தேதி கடந்தும் அவள் வரவில்லையென்றால், செவிலியர் பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் புறப்படுகிறார். கூடவே புரட்டு அட்டையையும் எடுத்துக்கொள்கிறார். வேறு முறையை அவள் கேட்கக்கூடும்.